ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து புறக்கோள் கடப்பை அளப்பது எப்படி?

சூரியனல்லாத வேறு விண்மீனைச் சுற்றும் கோள்தான் புறக்கோள். அது தன் விண்மீனின் முகத்தைக் குறுக்கே கடப்பதைக் கடப்பு என்கிறோம். பூமியளவுள்ள ஒரு கோள், சூரியனளவுள்ள ஒரு விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது அந்த விண்மீனின் வெளிச்சம் 0.0084 சதவீதம் குறையும். சூரியன் பூமியைவிட 109 மடங்கு அகலம். 109-ஐ 109-ஆல் பெருக்கினால் 11,881. அத்தனை பங்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மறைகிறது. பூமிபோலச் சுற்றினால் அதுவும் ஆண்டுக்கு ஒரே தடவை, அதிகம் போனால் 13 மணி நேரம். காற்று மண்டலத்துக்குக் கீழே நின்றுகொண்டு இதை எந்தச் சிறிய தொலைநோக்கியாலும் அளக்க முடியாது. 2009-இல் கெப்ளர், 2018-இல் டெஸ் ஆகிய கோள் தேடும் தொலைநோக்கிகளை விண்வெளிக்கு அனுப்ப நேர்ந்ததற்கு இதுதான் காரணம்.

அப்படியென்றால் தேவிபட்டினத்திலோ மூக்கையூரிலோ மொட்டைமாடியில் நிற்கும் 8 அங்குலத் தொலைநோக்கிக்கு இந்தத் தேடலில் என்ன வேலை? உண்மையான வேலை இருக்கிறது. டெஸ் கேமராவின் ஒரு படப்புள்ளி (பிக்சல்) வானில் 21 விகலை அகலம் (பாகையில் 60-இல் ஒரு பங்கு கலை, கலையில் 60-இல் ஒரு பங்கு விகலை). ஒரே புள்ளிக்குள் நாலைந்து விண்மீன்களின் ஒளி கலந்துவிடும். பக்கத்தில் இருக்கும் மங்கலான இரட்டை விண்மீன் ஒன்று தன் துணையை மறைத்தால், அந்தக் குறைவு நடுவிலுள்ள பிரகாசமான விண்மீனுக்குப் பூமியளவுக் கோள் இருப்பதுபோல வேடம் காட்டும். தரையில் உள்ள 8 அங்குலக் கருவி அந்த விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிடும். இன்னொரு பூமியைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது. ஆனால் பூமி என்று ஏமாற்றுவதைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும். அந்த நிலைக்கு வர, முதலில் பெரிய கோள்களின் கடப்பை அளந்து கை பழக வேண்டும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான்.

எந்த விண்மீனில் தொடங்கலாம்

இந்தக் கரைக்கு ஏற்ற முதல் இலக்கு வாஸ்ப்-43 என்ற விண்மீன். அதைச் சுற்றும் கோள் 2011-இல் அறிவிக்கப்பட்டது. வியாழன் அளவு இருந்தும் தன் விண்மீனை வெறும் 19.5 மணி நேரத்தில் சுற்றி வந்துவிடுகிறது. விண்மீனின் பிரகாச எண் 12.4 (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). கடப்பின் ஆழம், அதாவது வெளிச்சம் குறையும் அளவு, 2.5 சதவீதம். தொடக்கம் முதல் முடிவுவரை சுமார் 70 நிமிடம். ஆழமும் உண்டு, நேரமும் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல கோள் கிடைப்பது அரிது.

வானில் இடம் கண்டுபிடிக்க மகம் விண்மீனைப் பிடியுங்கள். சிம்மத்தின் தலைப்பக்கம் பளிச்சென்று இருப்பது. அங்கிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே 22 பாகை, அதாவது கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு முட்டிக்குச் சற்று அதிகம். செக்ஸ்டன்ஸ் விண்மீன் குழு அங்கே இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அந்த இடம் காலியாகத்தான் தெரியும். வாஸ்ப்-43-இன் வான முகவரி இது: வல ஏற்றம் 10 மணி 19 நிமிடம் 38 நொடி, நடுவரை விலக்கம் தெற்கே 9 பாகை 48 கலை. இதே குழுவில்தான் ஹெச்டி 86081 என்ற விண்மீனும் இருக்கிறது. 2019-இல் இந்தியாவுக்குக் கிடைத்த பெயர்சூட்டும் வாய்ப்பில் அதற்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக ‘பிபா’ என்றும், அதன் கோளுக்கு ‘சாந்தமாசா’ என்றும் பெயர் வைத்தார்கள். கேமராவைச் சரிபார்க்கும் சாக்கில் ஒருமுறை அதையும் எட்டிப் பார்க்கலாம்.

வாஸ்ப்-43-இன் சுற்றுக் காலத்தை ஐந்தால் பெருக்கினால் 4 நாளும் 1 மணி 37 நிமிடமும் வரும். ஆகவே இன்றிரவு மேகம் மறைத்தால் நான்காம் இரவு அதே கடப்பு ஒன்றரை மணி நேரம் பிந்திக் கிடைக்கும். பதின்மூன்றாம் இரவு 22 நிமிடம்தான் பிந்தும். ஒரு பருவத்துக்குரிய அட்டவணையை இந்த இரண்டு எண்களை வைத்தே காகிதத்தில் போட்டுவிடலாம். பிறகு செக் வானியல் கழகத்தின் கடப்புத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கையில் 80 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கியும் டிஎஸ்எல்ஆர் கேமராவும் மட்டும் இருந்தால் ஹெச்டி 189733-ஐ எடுங்கள். பிரகாசம் 7.7, ஆழம் 2.4 சதவீதம், 1 மணி 50 நிமிடம், 2.2 நாளுக்கு ஒருமுறை. புரட்டாசியில் இரவு எட்டு மணிக்குத் தலைக்கு மேல், உச்சியிலிருந்து வடக்கே 13 பாகையில் நிற்கும். தை மாதத்தில் நள்ளிரவுக்குத் தென்திசையில் வாஸ்ப்-121 வரும். பிரகாசம் 10.4, ஆழம் 1.5 சதவீதம். ஐரோப்பாவில் பெரும்பாலான ஆர்வலர்களுக்கு அது அடிவானப் புகையில் கிடக்கும், அல்லது எழவே எழாது. மன்னார் வளைகுடாப் பக்கம் நிற்பவருக்கோ 41 பாகை உயரத்தில், கீழே விளக்கே இல்லாத கடல்மேல் கிடைக்கும். வட அட்சம் 9 பாகையில் இருப்பதால் இரண்டு அரைக்கோளத்து வானும் நமக்குக் கிடைக்கிறது. இதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பலரும் முதலில் கேட்பது பிராக்சிமா சென்டாரியைத்தான். 4.24 ஒளியாண்டில் இருக்கும் நம் பக்கத்து வீடு. 2016-இல் அங்கே பூமியை ஒத்த எடையுள்ள கோள் இருப்பது தெரிந்தது. சித்திரை, வைகாசி இரவுகளில் மூக்கையூர்க் கரையிலிருந்து தெற்கே கடலுக்கு மேல் 18 பாகை உயரத்தில் அது நிற்கும். ஆனால் அந்தக் கோளை, அதன் இழுப்பால் விண்மீனுக்கு வரும் தள்ளாட்டத்தை வைத்துத்தான் கண்டார்கள். அது நம் பார்வைக் கோட்டில் விண்மீனைக் கடப்பதாக இதுவரை தெரியவில்லை. தள்ளாட்டத்தை அளக்க உயர்துல்லிய நிறமாலைமானி வேண்டும். நம் நாட்டில் மவுண்ட் அபுவில் இயற்பியல் ஆய்வகத்தின் பாரஸ் கருவி அந்த வேலையைச் செய்கிறது. மொட்டைமாடி வேலை அல்ல அது.

பருவமும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. மார்கழியில் வாடைக் காற்றும் கடும் பனியும். தை பாதியிலிருந்து சித்திரை தொடக்கம்வரைதான் அறுவடைக் காலம். வைகாசி முதல் கச்சான் காற்று பிடித்து ஆட்டும். தென்மேற்குப் பருவத்தில் மாவட்டம் மழை மறைவில் இருப்பதால் ஆனி, ஆடியில்கூட வானம் பல இரவுகளில் திறந்தே இருக்கும். ஆனால் காற்றுக்குத் தடுப்பு இல்லாமல் தொலைநோக்கியை நிறுத்தவே முடியாது. பனையோலைத் தட்டியோ தென்னங்கிடுகோ ஆறடி உயரத்துக்குத் தென்மேற்குப் பக்கம் கட்டுங்கள். தார்ப்பாய் வேண்டாம். அது காற்றை மொத்தமாகத் தடுத்துச் சுழலைக் கிளப்பும், படபடக்கும். ஓலை காற்றைச் சல்லடைபோல வடிகட்டிவிடும்.

தனுஷ்கோடி எல்லோர் மனதிலும் வரும் இடம். ஆனால் மாலைக்குமேல் அங்கே பொதுமக்களை இருக்கவிடுவதில்லை. மணலும் உப்புச் சாரலும் கருவிக்குப் பகை. வீட்டு மொட்டைமாடி, அல்லது கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிய பனங்காட்டுத் திடல் எவ்வளவோ மேல். திறந்தவெளியில் நிற்பதென்றால் இடத்துக்காரரிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லைக்கு அருகே உள்ள கரை இது. இருட்டில் குழாயும் சிவப்பு விளக்குமாக நிற்பவரைக் கண்டால் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பச்சை லேசரை எடுத்துவரவே கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, கடலில் படகுகள் இருக்கின்றன.

கலங்கரை விளக்கின் கற்றை நேரடியாக லென்ஸ்மேல் விழும் இடமாக இருந்தால் ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வானப் பின்னணி துள்ளும். மணல் தரையில் முக்காலியின் மூன்று கால்களுக்கும் அடியில் ஓரடிச் சதுரக் கடப்பாக் கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அமர்த்துங்கள். வெறும் மணலில் மூன்று மணி நேரத்தில் ஒரு கால் இறங்கிவிடும்.

கருவிகள்

தொலைநோக்கி 6 முதல் 8 அங்குலம் போதும். கையில் உள்ள பணத்தை விட்டத்தில் போடாமல் மவுண்டில் (தொலைநோக்கியைத் தாங்கி விண்மீனோடு நகர்த்தும் பீடத்தில்) போடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மூன்று மணி நேரம் விண்மீனை ஒரே படப்புள்ளியில் நிறுத்தும் மவுண்டில் 6 அங்குலக் கண்ணாடி தரும் அளவு, ஆடும் மவுண்டில் 10 அங்குலம் தருவதைவிட நன்றாக இருக்கும். விண்மீன் விலகினால் மவுண்டைத் திருத்தும் வழிகாட்டிக் கேமரா கட்டாயம். படமெடுக்கக் குளிரூட்டும் வசதியுள்ள கருப்பு-வெள்ளை சிமாஸ் கேமரா நல்லது. வடிகட்டி சிவப்பு. இந்தக் கரையின் ஈரமும் உப்புத் துகளும் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. டிஎஸ்எல்ஆர் என்றால் ரா கோப்பாகச் சேமித்துப் பச்சை அலைவரிசையை மட்டும் பிரித்தெடுங்கள்.

மின்சாரத்தைக் கணக்குப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மவுண்ட் 1.5 ஆம்பியர், கேமராக் குளிரூட்டி 2.5, பனி போக்கும் சூட்டுப் பட்டை 1. மொத்தம் 5. ஐந்து மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியானால் 30 போதும். சாதாரண ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் 50 வேண்டும். மடிக்கணினிக்குத் தனி ஏற்பாடு.

துருவ முனை ஒன்பது பாகையில்

வெளிநாட்டுக் கையேடுகள் எதுவும் சொல்லாத சிக்கல் இதுதான். நம் அட்சத்தில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 9 பாகையில் நிற்கிறது. பாக் நீரிணையின் ஈர மூட்டத்தில் பாதி இரவுகள் தெரியாது. பல மவுண்டுகளின் அட்ச அளவுகோல் 10, 12 பாகையோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே திருகு இறங்காது. வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை கழன்றுவிடும். முக்காலியையே வடக்கு நோக்கி 3 பாகை சாய்ப்பதுதான் வழி. கால்களுக்கிடையே 80 சென்டிமீட்டர் என்றால் வடக்குக் காலை 4 சென்டிமீட்டர் குறைத்தால் போதும். இன்னொன்று, அச்சு கிட்டத்தட்ட படுத்துக் கிடப்பதால் எதிர் எடை கீழே வரும்போது வடக்குக் காலில் இடிக்கும். இரவு முழுதும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று முனகி நின்றால் முதலில் இதைப் பாருங்கள். மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரக் குழாய் ஒன்றைப் பொருத்தினால் இடிக்காது. இருட்டுவதற்கு முன்பே எடையைக் கையால் ஒரு முழு வீச்சு சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

துருவ விண்மீன் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. நினா மென்பொருளின் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு வானில் எந்தப் பகுதியைப் படமெடுத்தும் பிழையைச் சொல்லிவிடும். 2 கலைக்குள் கொண்டுவாருங்கள். அதைவிட மோசமானால் படத்தின் ஓர விண்மீன்கள் மெல்லச் சுழலும். ஒப்பீட்டு விண்மீன்கள் நகர்ந்தால் அளவும் நகரும்.

உப்பும் பனியும்

மாசி இரவில் காற்று 27 பாகை, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். பனிப்புள்ளி 24.3. வானைப் பார்த்து நிற்கும் கண்ணாடி வெப்பத்தை வானுக்கு விட்டுச் சுற்றுக் காற்றைவிட மூன்று பாகை குளிர்ந்தாலே பனி பிடித்துவிடும். பிடித்த பிறகு துடைப்பதில் பயனில்லை. சூட்டுப் பட்டையைத் தொடக்கத்திலேயே மிதமாகப் போட்டு, கண்ணாடியைக் காற்றைவிட இரண்டு பாகை மேலே வைத்திருங்கள். பனிக்கூண்டு குழாய் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும்.

கேமராவை மைனஸ் 20-க்கு இறக்க ஆசைப்படாதீர்கள். 27 பாகைச் சூழலில் குளிரூட்டி முழு மூச்சில் ஓடியும் அந்த அளவை நிலையாகப் பிடிக்காது. வெப்பம் ஊசலாடினால் டார்க் படங்கள் (கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுப்பவை) பொருந்தாது. மைனஸ் 5-இல் நிறுத்தினால் ஆண்டு முழுவதும் ஒரே டார்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். கேமரா அறைக்குள் இருக்கும் சிலிக்கா உருண்டைகளை இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சூடாக்கி உலர்த்த வேண்டும். படத்தின் நடுவில் சிலந்திவலை போன்ற மங்கல் தெரிந்தால் உள்ளே உறைபனி படிந்துவிட்டது என்று பொருள்.

உப்பு கண்ணுக்குத் தெரியாமல் வரும். டார்ச்சை லென்ஸ்மேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். சுத்தமான கண்ணாடி கறுப்பாகத் தெரியும். கரையில் நான்கு இரவு நின்ற கண்ணாடியில் சாம்பல் படலம் ஒன்று மின்னும். அருகே போனால் அதில் நுண்ணிய சதுரத் துகள்கள் தெரியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் அத்தனை துகளும் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள், ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. உப்பு நீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. ஆகவே நீர் முதலில், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கடைசியில். யூஎஸ்பி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதும் இதே உப்பால்தான். நடு இரவில் கேமரா இணைப்பு அறுந்தால் மென்பொருளைக் குறை சொல்லுமுன் முனையைக் கழற்றிப் பாருங்கள்.

கடல் செய்யும் நன்மை ஒன்றும் உண்டு. இரவு முழுதும் வெப்பம் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் மாறாது. உள்நாட்டில் மணிக்கொருதரம் குவியம் திருத்த வேண்டிய தொலைநோக்கி இங்கே மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கும்.

அந்த இரவு

பங்குனி நடுவில் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். கடப்பு 11:20-க்குத் தொடங்கி 12:30-க்கு முடிகிறது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டும். ஆகப் படமெடுப்பது 10:20 முதல் 1:30 வரை. கடப்புக்கு வெளியே உள்ள வெளிச்சம்தான் அடிக்கோடு. அதைச் சரியாகப் பிடிக்காமல் ஆழத்தை அளக்க முடியாது. நேரம் மிச்சம் பிடிக்க அடிக்கோட்டை வெட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அந்த நாள்களில் வாஸ்ப்-43 பத்து மணி வாக்கில் உச்சி வட்டத்தை (தலைக்கு மேலான வடக்கு-தெற்குக் கோட்டை) கடக்கும். மவுண்ட் அதற்குப் பிறகு ஒருமுறை புரள வேண்டும். புரண்டால் விண்மீன் கேமராவின் வேறு மூலைக்குப் போய்விடும், வெளிச்சத்தைக் காட்டும் வரைகோட்டில் படிக்கட்டு விழும். அதனால் புரட்டலை முடித்துவிட்டுத்தான் முதல் படம். 1:30-க்கு விண்மீன் மேற்கே 34 பாகைக்கு இறங்கியிருக்கும். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள்.

சூரியன் 6:20 வாக்கில் மறையும். இங்கே அந்தி நீளாது, சூரியன் செங்குத்தாக விழுந்துவிடும். ஃப்ளாட் படங்களுக்கு (கருவியின் சீரற்ற வெளிச்சத்தைத் திருத்த, சீரான ஒளியில் எடுப்பவை) 6:30 முதல் 6:45 வரைதான் அவகாசம். வெள்ளை வேட்டியை நான்காக மடித்துக் குழாய் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, உச்சி வானை நோக்கி 30 படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் படப்புள்ளியின் ஒளி எண்ணிக்கை, உச்சமான 65,535-இல் பாதி அளவு. அதன் பிறகு கேமராவைச் சுழற்றவோ கழற்றவோ கூடாது.

வெளிச்சம் பதியும் நேரம் 8 அங்குலத்தில் 60 நொடி. விண்மீன் புள்ளியின் அகலம் 4 முதல் 6 படப்புள்ளி இருக்கும்படி குவியத்தைச் சற்று விலக்குங்கள். ஊசிமுனைபோலக் கூர்மையான விண்மீன் படத்துக்கு அழகு, அளவுக்குக் கேடு. உச்சப் புள்ளியின் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் கேமரா நேர்விகிதத்தில் எண்ணுவதை விட்டுவிடும். ஹெச்டி 189733 போன்ற பிரகாசமான விண்மீனுக்கு நேரத்தைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள், குவியத்தை இன்னும் விலக்குங்கள். 8 சென்டிமீட்டர் லென்ஸில் 2 நொடிப் படமென்றால் விண்மீனின் மினுமினுப்பு மட்டுமே 1 சதவீதப் பிழை தரும். 15 நொடியானால் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கணினிக் கடிகாரத்தைத் தொடங்குமுன் இணையத்தோடு ஒத்திசையுங்கள். ராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனையில் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. நேர வலயம் ஒன்றே என்பதால் மணி மாறாது, ஆனால் டேட்டா நின்று ஒத்திசைவு அறுந்துவிடும். ஜிபிஎஸ் கருவி இருந்தால் நிம்மதி. இன்னொரு வசதி, வானியலாளர்கள் தொடர்ச்சியாக எண்ணும் நாள் எண்ணான ஜூலியன் நாள் நமக்கு மாலை 5:30-க்கு மாறுகிறது. ஓர் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணுக்குள் அடங்கிவிடும்.

டார்க் தொகுப்பு இன்னும் கையில் இல்லையென்றால், முடிந்ததும் மூடி போட்டு அதே 60 நொடியில், அதே மைனஸ் 5-இல் 30 டார்க்.

கணினியில்

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற மென்பொருள் இலவசம், நம்பகமானது. டார்க்கைக் கழித்து ஃப்ளாட்டால் வகுத்த பிறகு, வாஸ்ப்-43-ஐ இலக்காகவும் சுற்றிலும் 4 முதல் 6 விண்மீன்களை ஒப்பீடாகவும் குறியுங்கள். அளவு வட்டத்தின் ஆரம், புள்ளி அகலத்தின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ஒப்பீட்டு விண்மீனின் தேர்வில்தான் பாதி வெற்றி. பிரகாச எண்ணில் 0.5-க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, நிறமும் ஒத்திருக்க வேண்டும். வாஸ்ப்-43 செம்மஞ்சள் விண்மீன். நீல விண்மீனோடு ஒப்பிட்டால், இரண்டும் மேற்கே சரியச் சரிய நீலம் வேகமாக மங்கும். கோள் இல்லாமலே கோடு மேலேறும். ஏஏவிஎஸ்ஓ-வின் (அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தின்) மாறும் விண்மீன் பட்டியலில் உங்கள் ஒப்பீடுகள் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தில் இலக்கின் எண்ணிக்கை 1,80,000, ஒப்பீடுகளின் கூட்டுத்தொகை 6,00,000 என்று வையுங்கள். விகிதம் 0.3000. மெல்லிய மேகம் வந்து எல்லாம் பாதியானாலும் 90,000-க்கு 3,00,000, விகிதம் அதே 0.3000. கடப்பின் நடுவிலோ அது 0.2925-க்கு இறங்கும். வானம் முழுவதையும் பாதிப்பது விகிதத்தில் அடிபட்டுப் போய்விடும். அந்த ஒரு விண்மீனை மட்டும் பாதிப்பதே மிஞ்சும். இந்த முறை நிற்பது இந்தக் கணக்கின் மேல்தான்.

நேரத்தைச் சூரிய மண்டலத்தின் எடை மையத்துக்கு மாற்ற வேண்டும். பூமி தன் பாதையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து 8 நிமிடத்துக்கு மேல்கூட வித்தியாசம் வரும். உங்கள் இடத்தைக் கொடுத்தால் மென்பொருளே செய்யும். ராமேஸ்வரம் என்றால் வடக்கு 9.28, கிழக்கு 79.31. கிழக்கை மேற்காகப் போட்டுவிடாதீர்கள்.

கோடு கோணினால்

60 நொடிப் படம் ஒன்றுக்கு அரை சதவீதத்துக்குள் சிதறல் இருந்தால் நல்ல இரவு. மெல்ல மெல்ல எல்லா விண்மீனின் எண்ணிக்கையும் குறைந்து, புள்ளி அகலமும் கூடிக்கொண்டே போனால் பனி. எண்ணிக்கை குறைந்து அகலம் மாறாமலிருந்தால் மேகம். மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒளி இழந்த படங்களைத் தயங்காமல் நீக்குங்கள். விகிதம் அலைபோல ஏறி இறங்கி, அதன் நேரம் மவுண்டின் பல்சக்கரச் சுற்றோடு ஒத்துப்போனால் விண்மீன் படப்புள்ளிகளின் மேல் நடக்கிறது, ஃப்ளாட்டும் சரியில்லை என்று அர்த்தம். ஆழம் 2.5-க்குப் பதில் 1.8 என்று வந்தால் அளவு வட்டத்துக்குள் இன்னொரு விண்மீன் புகுந்திருக்கலாம். வட்டத்தைச் சுருக்கி மறுபடி ஓட்டுங்கள். கடப்பே தெரியாவிட்டால் நேர மாற்றத்தைப் பாருங்கள். உலக நேரத்தை இந்திய நேரமென்று எண்ணிக் கடப்பு தொடங்குமுன்பே படமெடுத்து முடித்திருப்பீர்கள்.

நல்ல கோடுகளை ஏஏவிஎஸ்ஓ தரவுத்தளத்துக்கும் எக்ஸோகிளாக் திட்டத்துக்கும் அனுப்பலாம். பெரிய தொலைநோக்கிகள் ஒரு கடப்பை எப்போது பார்க்கத் தொடங்க வேண்டுமென்று திட்டமிட இந்த நேரங்கள் உதவுகின்றன. கடப்பு நேரத்தைப் பல ஆண்டுகள் அளக்காமல் விட்டால் கணிப்பில் உள்ள சிறு பிழை ஒவ்வொரு சுற்றுக்கும் சேர்ந்து நிமிடக்கணக்கில் வளர்ந்துவிடும்.

வேடம் கலைக்கும் வேலை

பத்துப் பதினைந்து கடப்புகள் சுத்தமாகக் கிடைத்த பிறகு, டெஸ் பின்தொடர் நோக்கீட்டுத் திட்டத்தின் ஒளியளவைக் குழுவுக்கு மாதிரிகளைக் காட்டிச் சேர விண்ணப்பிக்கலாம். அங்கே செய்யும் வேலை வேறு. டெஸ் ஒரு 10-ஆம் பிரகாச விண்மீனில் 0.1 சதவீதக் குறைவைக் கண்டிருக்கிறது என்று வையுங்கள். சிறிய கோளாக இருக்கலாம். உங்கள் கருவிக்கு 0.1 சதவீதம் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த விண்மீனைச் சுற்றி இரண்டரைக் கலைக்குள் உள்ள ஒவ்வொரு மங்கல் விண்மீனையும் தனித்தனியாக அளங்கள். ஐந்து அளவு மங்கலான, அதாவது நூறில் ஒரு பங்கு ஒளியுள்ள அண்டை விண்மீன் இந்த ஏமாற்றைச் செய்ய வேண்டுமென்றால் அது 10 சதவீதம் குறைந்தாக வேண்டும். 8 அங்குலத்தில் 2 நிமிடப் படத்துக்கு 15-ஆம் பிரகாசத்தில் 10 சதவீதம் பளிச்சென்று தெரியும். ஏழரை அளவு மங்கலானது முழுவதுமே அணைந்தால்தான் 0.1 சதவீதம் வரும். அதற்கும் மங்கலானவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இந்த வேலையில் நடு விண்மீன் படத்தில் தெவிட்டினாலும் (உச்ச எண்ணிக்கையைத் தொட்டு நிரம்பினாலும்) பரவாயில்லை. அண்டை விண்மீன்களுக்கு ஏற்றபடி நேரத்தை நீட்டுங்கள். ஆனால் தெவிட்டிய ஒளி பக்கத்து வட்டத்துக்குள் வழியாமல் பாருங்கள். அண்டை ஒன்று குறைவதாகத் தெரிந்தால் அடுத்த கடப்பில் நீல வடிகட்டியில் ஒருமுறையும் சிவப்பில் ஒருமுறையும் எடுங்கள். கோள் எந்த நிறத்திலும் ஏறக்குறைய ஒரே ஆழம் காட்டும். வெவ்வேறு வெப்பமுள்ள இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தால் நிறத்துக்கு நிறம் ஆழம் மாறும்.

எல்லா அண்டை விண்மீன்களும் அசையாமல் நின்றால் அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். எத்தனை விண்மீன் பார்த்தீர்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைவு இருந்திருந்தால் உங்கள் அளவில் தெரிந்திருக்கும், எந்த நேரம் முதல் எந்த நேரம்வரை பார்த்தீர்கள் என்ற மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும். மூலப் படங்களை அழிக்காதீர்கள். கடப்பு நேரம் திருத்தப்பட்டால் ஆறு மாதம் கழித்து அதே படங்களைக் கேட்டு அஞ்சல் வரும்.